ஈஎம்டி தேர்வில் வழுக்கிவிடும் இடங்கள்

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஈஎம்டியாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக, ஆம்புலன்ஸில் ஏற வேண்டுமானால், அவர்களுக்குச் சான்றிதழ் தரும் தேசிய அமைப்பான நேஷனல் ரெஜிஸ்ட்ரியின் கணினித் தேர்வைத் தாண்ட வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளிகளோடு பழகிய அனுபவம் வேண்டும் என்று இந்தப் படிப்பில் சேரும் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் முதல் மாணவர்களாக இருந்தவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். பாடப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். தேர்வோ ஒரு நோயாளியைக் காட்டி, முதலில் எதைச் செய்வாய் என்று கேட்கிறது.

ஒரு மாதிரிக் கேள்வியைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருந்து தூக்கி எறியப்பட்ட 24 வயது இளைஞர். போலீஸ் சாலையை மறித்துவிட்டது, நீங்களும் கையுறை போட்டாயிற்று. தொடை எலும்பு வளைந்து கிடக்கிறது, வெளியே ரத்தம் இல்லை. வாய் நிறைய ரத்தம். மூச்சு விடும்போதெல்லாம் களகளவென்று சத்தம். அடுத்து என்ன? நான்கு விடைகள்: மாஸ்க்கில் ஆக்ஸிஜன், காலுக்கு இழுவைக் கட்டு, வாயை சக்‌ஷன் செய்வது (குழாயால் உறிஞ்சி எடுப்பது), பிபி பார்ப்பது.

கண் தொடைக்குத்தான் போகும். அதைத் தாண்டி வருகிறவர்களில் பலர் ஆக்ஸிஜனைத் தொடுவார்கள். இரண்டுமே அவருக்குத் தேவைதான், அதனால்தான் விடைப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் காற்று போகும் வழியில் ரத்தம் நிற்கும்போது ஆக்ஸிஜன் எங்கே போய்ச் சேரும்? முதலில் சக்‌ஷன். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது. இதே கேள்வியில் தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டு அடிக்கிறது என்று ஒரு வரி சேர்ந்தால் விடை மாறிவிடும். அப்போது முதல் வேலை அந்த ரத்தத்தை நிறுத்துவது. ஒற்றை வரி வரிசையையே மாற்றுவதை இப்படிப் போட்டுப் பார்த்துப் பழகாமல் போவதுதான் நான் பார்க்கும் தவறுகளில் பெரியது.

2025 ஏப்ரலில் தேர்வின் பகுப்பே மாறியது. முன்பு மூச்சு, இதயம், விபத்துக் காயம் என்று நோய்வாரியாகப் பிரித்திருந்தார்கள். இப்போது நோயாளியை அணுகும் படிகளின்படி பிரித்திருக்கிறார்கள். உடனடி ஆபத்தைக் கண்டுபிடிக்கும் முதல் கட்டப் பரிசோதனைக்கு மட்டும் 39 முதல் 43 விழுக்காடு. இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பதற்கு 15 முதல் 19 விழுக்காடு. அக்கா, அண்ணன் பயன்படுத்திய பழைய புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதன் அத்தியாயக் கணக்கில் நாட்களைப் பங்கு போடுகிறவர்கள், பாதிக்கு மேல் மதிப்பெண் கிடக்கும் இடத்தை மேலோட்டமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

பழைய புத்தகத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குழந்தைக்கு நாடி இருந்து மூச்சு போதாதபோது 3 முதல் 5 விநாடிக்கு ஒரு மூச்சு என்று அதில் இருக்கும். அமெரிக்க இதயச் சங்கம் 2020லேயே அதை 2 முதல் 3 விநாடி என்று மாற்றிவிட்டது. அச்சான ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். குழந்தைகள் பற்றிய எண்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைப்பதும் நல்லது. ஒருவர் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதும் முதலுதவி) செய்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, அதாவது 30க்கு 2; இருவர் இருந்தால் குழந்தைக்கு 15க்கு 2. பெரியவருக்கு எத்தனை பேர் இருந்தாலும் 30க்கு 2 தான். பதற்றத்தில் முதலில் குழம்புவது இந்த இடம்.

அடுத்தது, கேள்வியில் இல்லாததைச் சேர்த்துப் படிப்பது. 58 வயதுக்காரருக்கு நெஞ்சுவலி, பிபி 94க்கு 60, சட்டைப் பையில் அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்த நைட்ரோகிளிசரின் (ரத்தக் குழாயை விரித்து பிபியையும் இறக்கும் நெஞ்சுவலி மருந்து). கேள்வி அவ்வளவுதான். சிஸ்டாலிக், அதாவது பிபியின் மேல் எண், 100க்குக் கீழே இருப்பதால் நைட்ரோ கிடையாது. ஆஸ்பிரின் மென்று சாப்பிடக் கொடுக்கலாம். இதில் “ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தால்?”, “வயிற்றுப்புண் இருந்தால்?” என்று யோசித்து வேறு விடைக்குத் தாவுகிறவர்கள் நிறைய. நிஜ நோயாளியிடம் அதைக் கேட்டே ஆக வேண்டும். தேர்வில், அலர்ஜி முக்கியமானால் எழுதியிருப்பார்கள். எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

ஊரில் நர்ஸாக இருந்துவிட்டு அங்கே போய் ஈஎம்டி எழுதுகிறவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். கை தானாக ஐவி லைனுக்கு (ரத்தக் குழாயில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவதற்கு) போகும். ஈஎம்டி செய்ய அனுமதியுள்ள எல்லையில் அது இல்லை. எவ்வளவு சரியான சிகிச்சையாக இருந்தாலும், எல்லைக்கு வெளியே இருந்தால் அந்த விடை தவறுதான். பயிற்சிக்காக ஆம்புலன்ஸில் ஏறியவர்களும் “எங்க வண்டியில இப்படித்தான் பண்ணுவோம்” என்று சொல்வதுண்டு. அந்த வண்டியின் விதிமுறை அந்த ஊருக்கு. தேர்வு நாடு முழுவதற்குமான பொது விதிமுறையில் இருந்து கேட்கிறது.

கேள்வி வங்கி ஆப்களை நம்பி இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ஆப்பில் திரும்பத் திரும்பப் போட்டால் கேள்வியின் முதல் நான்கு சொல்லைப் பார்த்ததுமே விரல் விடையைத் தொட்டுவிடும். மதிப்பெண் ஏறுவது மனப்பாடத்தால். ஒரு நாளைக்கு இருபது கேள்வி போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் மற்ற மூன்று விடை ஏன் இப்போது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். பல விடைகளைத் தேர்ந்தெடுப்பது, படிகளை வரிசையாக அடுக்குவது போன்ற கேள்விகளும் இப்போது வருகின்றன. ஒற்றை விடைக் கேள்விகள் மட்டும் உள்ள ஆப் போதாது.

தேர்வு அறையில் பயம் கிளம்புவது பெரும்பாலும் கணினி எப்படிக் கேள்வி கொடுக்கிறது என்று தெரியாததால். நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். அதனால் நன்றாக எழுதுகிறவருக்கும் கஷ்டமாகத்தான் தோன்றும். மொத்தம் 70 முதல் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். தேறினாரா இல்லையா என்று 95 விழுக்காடு உறுதி வந்ததும் கணினி நின்றுவிடும். 70இல் நின்றால் பாஸ் என்றோ 120 வரை போனால் ஃபெயில் என்றோ எதுவும் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்துத் தளர்ந்துபோய், 71ஆவது கேள்விக்குப் பிறகு அவசர அவசரமாக அழுத்துவதுதான் கெடுதல். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் பழக்கம் இங்கே செல்லாது.

அப்புறம், பெயர். கணக்கில் பதிந்த பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியலா, அப்பா பெயரா, எது முன்னால் எது பின்னால் என்று பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, டிரைவிங் லைசென்ஸில் ஒரு மாதிரி வைத்திருக்கும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் தேர்வைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறதே என்று ஆறு மாதம் கழித்துப் போனால் கையில் பழகிய வரிசை மறந்திருக்கும். தேறவில்லை என்றால் 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மூன்று முறை தவறினால் 24 மணி நேர மறுபயிற்சி; அதற்குப் பிறகு இன்னும் மூன்று வாய்ப்பு. அந்த 15 நாளில் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறப்பவர்கள் அதே தவறுக்கே திரும்புகிறார்கள். எந்தப் பகுதியில் பின்தங்கினீர்கள் என்று தேர்வு முடிவோடு வரும்; அதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவையோ தம்பியையோ ஒரு சம்பவத்தைப் படிக்கச் சொல்லி, நீங்கள் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: இடம் பாதுகாப்பா, ரத்தம் பீறிடுகிறதா, நினைவு இருக்கிறதா, மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், உடனே கிளம்ப வேண்டுமா. நடுவில் அவர்கள் ஒரு வரியை மாற்றிப் படிக்கட்டும்.