வெள்ளம் வடிந்த டிபன் கடை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கடைக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அது வடிந்ததும் கழுவிவிட்டு மறுநாளே அடுப்பைப் பற்றவைக்கத்தான் கை துடிக்கும். வெள்ளம் விட்டுவைத்ததையும் இந்த அவசரம் கெடுத்துவிடும்.

முதல் தவறு, சேற்றை உடனே அள்ளிக் கொட்டுவது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த மூட்டைகள், மெஷின்களில் உள்ள கம்பெனித் தகடு எல்லாவற்றையும் முதலில் போனில் படம் எடுங்கள். காப்பீடு இருந்தால் அன்றே தகவல் சொல்லிவிட்டு, காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்க்கும்வரை கெட்ட சரக்கை ஓரமாக வையுங்கள். பாலிசியே எடுக்கவில்லை என்பவர்களும் கடன் தந்த வங்கியில் ஒருமுறை கேட்பது நல்லது. ஈடு வைத்த சரக்குக்கு வங்கியே பாலிசி எடுத்து, பிரீமியத்தைக் கணக்கில் பிடித்திருப்பது உண்டு. பில்கள் ஊறிப்போயிருந்தால் மொத்தக் கடைக்காரரிடம் நகல் வாங்கலாம்.

அடுத்தது, "ஓடுதான்னு பார்ப்போம்" என்று கிரைண்டர் சுவிட்சைத் தட்டுவது. ஒருநாள் வெயிலில் வைத்தால் மோட்டார் மேலே காயும், காயிலுக்குள் ஈரம் அப்படியே இருக்கும், பேரிங்கில் சேறு இருக்கும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் காயில் புகைந்துவிடும். கழுவிக் காயவைத்தாலே பிழைக்க வேண்டிய மோட்டாருக்கு காயிலைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் செலவு வந்து சேரும். மெக்கானிக் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, சூடுகாட்டிக் காயவைத்து, காயிலில் மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெகர் கருவியில் பார்க்கட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இணைக்கவே வேண்டாம். பிரிட்ஜில் கம்ப்ரஸர் மூடிய டப்பா என்பதால் பலநேரம் தப்பிவிடும். ரிலே, தெர்மோஸ்டாட் தப்புவது அரிது. நீரில் மூழ்கிய கேஸ் ரெகுலேட்டரையும் ட்யூபையும் துடைத்து மாட்டாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். ரெகுலேட்டரின் காற்றுத் துளையில் சேறு அடைத்தால் அழுத்தம் கட்டுக்குள் நிற்காது.

தண்ணீர்தான் பலரும் கோட்டைவிடும் இடம். சம்பில் புகுந்தது மழைநீர் மட்டுமல்ல, சாக்கடையும்தான். 5,000 லிட்டர் சம்ப் என்றால் வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்து, நல்ல தண்ணீர் நிரப்புங்கள். 30 சதவீதக் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 800 கிராமை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். மேல்தொட்டிக்கு ஏற்றி எல்லாக் குழாயையும் திறந்து குளோரின் வாசனை வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். 12 மணி நேரம் கழித்து முழுவதையும் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்பலாம். பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

கிரைண்டர் கல்லையும் இப்படித்தான் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் நீரில் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். கல்லின் துளைகளில் குளோரின் மிச்சமிருந்தால் மாவு பொங்காது. உளுந்தைப் பழித்துப் பயனில்லை! ஊறிய பச்சரிசியை இரண்டு மூன்று முறை ஆட்டிக் கொட்டிய பிறகே விற்பனை மாவு. டிசம்பர்க் குளிரில் புளிக்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும், முதல் நாள் மாவின் அளவைக் குறைத்தே ஆட்டுங்கள். மரப் பலகை, மூங்கில் கூடை, நனைந்த அரிசி, பருப்பு எதையும் காயவைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

பணத்தில் நடக்கும் தவறு, பழைய மெனு முழுவதையும் முதல் நாளே போட தண்டல் (தினசரி வசூல் கடன்) வாங்குவது. கையில் 9,000 தந்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால் "ஆயிரம்தானே" என்று தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 80 சதவீத வட்டி. இட்லி, பொங்கல், ஒரு சட்னி, சாம்பார் என்று காலை வியாபாரத்தை மட்டும் தொடங்கினால் ஒரு கிரைண்டரும் இரண்டு அடுப்பும் போதும். புரோட்டாக் கல்லும் சாயங்கால போண்டாவும் வருமானம் வந்த பிறகு வரட்டும்.

சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே பிளக் பாயிண்டுகளை ஏற்றுங்கள். கிரைண்டருக்கும் செங்கல் மேடை கட்டிவிடுங்கள்.