காப்பித் தோட்டம் வாங்கியதும் மரத்தில் கைவைக்காதீர்கள்

சென்ற மாதம் திண்டுக்கல் மாவட்டத்துத் தாண்டிக்குடிப் பக்கம், புதிதாக நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கியிருக்கும் ஓர் இளம் தம்பதியைப் பார்க்கப் போயிருந்தேன். இருவருக்கும் மதுரையில் வேலை. காட்டுக்குக் கெடுதல் செய்யாத காப்பி பயிரிட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவர்கள். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். வழியெல்லாம் மரங்களின் அடியில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருந்தது. எண்ணினேன், முப்பத்தெட்டு. “என்னம்மா இது?” என்று கேட்டேன். “மர வியாபாரி குறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஐயா. நிழல் அதிகமாம்” என்றார் அந்தப் பெண்.

இருபது ஆண்டுகளுக்கு முன் என் தோட்டத்து மரங்களிலும் அதே சிவப்புக் கோடு இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ரகம் நடுவது, உரம் எவ்வளவு போடுவது என்பதையெல்லாம் தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நிழல் மரங்களை வெட்டிவிட்டு சில்வர் ஓக் நடுவது

கீழ்ப்பழனி மலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

என்னிடம் வந்த வியாபாரி சொன்னது இதுதான்: அத்தி விலை போகாது. முள்முருங்கை விறகுக்குக்கூட ஆகாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சில்வர் ஓக் வையுங்கள். நேராக வளரும், மிளகு ஏற்றலாம், பிறகு மரத்தையும் விற்கலாம். கேட்பதற்குச் சரியான கணக்காகத்தான் இருந்தது. ஓர் ஏக்கரில் நிழல் மரங்களை வெட்டி வெயிலுக்குத் திறந்துவிட்டேன்.

முதல் ஆண்டு கிளை தெரியாமல் காய்த்தது. வெளிச்சம் கிடைத்தால் அராபிகா வகைக் காப்பி அப்படித்தான் பூத்துத் தள்ளும். மற்ற ஏக்கர்களையும் திறந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இந்த முதல் விளைச்சல்தான் ஆளை ஏமாற்றுகிறது. அடுத்த ஆண்டே, சக்திக்கு மீறிக் காய்த்த கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. மூன்றாம் ஆண்டு ஒரு செடியின் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. தண்டைத் தடவிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில், நரம்பு புடைத்ததுபோல வளைந்து வளைந்து ஒரு மேடு ஓடியது. லேசாகச் சாய்த்ததும் செடி முறிந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே கட்டை முழுக்கச் சுரங்கம். சுரங்கம் நிறைய இறுக அடைத்த மரத்தூள். அதன் முனையில் ஒரு வெள்ளைப் புழு.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இதன் தாய் வண்டு பறக்கும். வெயில்தான் அதற்குப் பிடிக்கும். வெளிச்சம் படுகிற தண்டாகப் பார்த்து, பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு கட்டைக்குள் போய்விட்டால் பிறகு என்ன தெளித்தும் பயனில்லை. செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 செடிகள் நிற்கும். அந்த ஏக்கரில் ஐந்நூறுக்கு மேல் எரித்தேன். மரம் விற்ற பணம் மறுநடவுக் கூலிக்கே போதவில்லை. புதுச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்தது தனிக் கணக்கு.

போனது செடி மட்டுமல்ல. முள்முருங்கை பயறு வகை மரம். காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், அதன் இலை விழுந்த வேகத்தில் மக்கும். ஓக் இலை அப்படியில்லை. மாதக்கணக்கில் தகடுபோலக் கிடக்கும். அத்தி பழுத்தால் குக்குறுவான் பறவை விடியும் முன்பே வந்து கத்தத் தொடங்கும். மலையணில் தரையில் இறங்காமல் கிளைவிட்டுக் கிளை தாவிப் போகும். நான் திறந்துவிட்ட ஏக்கரில் அந்தக் கிளைப் பாதை அறுந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே மலையணிலை நான் பார்க்கவில்லை. காட்டைக் காக்கும் காப்பி என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமைக்கு உரியவை மேலே நிற்கிற மரங்கள். காப்பிச் செடி அவற்றின் தயவில் வாழ்கிறது.

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தோட்டத்தின் ஓரத்தில் காற்றைத் தடுக்க வரிசையாக நிற்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. மிளகுக்கு அது இல்லாமல் முடியாது என்பதை மட்டும் நம்பாதீர்கள். பலாவிலும் முள்முருங்கையிலும் மிளகுக் கொடி நன்றாகவே ஏறுகிறது.

வாங்கிய முதல் ஆண்டு ஒரு மரத்தையும் தொடாதீர்கள். எந்த மரம் எப்போது இலை உதிர்க்கிறது, மாலை வெயில் எந்த மூலையில் சுடுகிறது என்று ஒரு சுற்று பாருங்கள். தெற்கும் மேற்கும் பார்த்த சரிவுகளுக்குக் கூடுதல் நிழல் வேண்டும். நிழல் மிஞ்சிய இடத்தில் கிளையைக் கழித்தால் போதும். மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. மலைப்பகுதி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் வியாபாரிக்கு நினைவூட்டுங்கள்.

கோடையில் கிளை கழிப்பது

மழை பிடித்த பிறகு மட்டும்.

களைக்கொல்லி

வேண்டாம். அரிவாள் போதும்.

பல்ப்பர் தண்ணீரை ஓடையில் விடுவது

பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீர் சர்க்கரையும் பிசினும் கலந்தது. ஓடையில் விட்டால் அங்கே புளித்து, தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். மீன் செத்து மிதக்கும். எங்கள் பக்கத்து ஓடைகள் மருதாநதிக்கு இறங்குகின்றன. கீழே வயலும் ஊரும் இருக்கின்றன. குழி வெட்டித் தேக்குங்கள், சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறியுங்கள். தோலைத் தனியே குவித்து மக்கவிட்டால் அடுத்த ஆண்டுக்கு நல்ல எரு. சிறு தோட்டக்காரர்கள் பழத்தை அப்படியே களத்தில் காயவைத்துச் செர்ரியாக விற்றால் இந்தத் தண்ணீர்ச் சிக்கலே இல்லை. விலை கொஞ்சம் குறையும்தான்.

காட்டுமாட்டின் தடத்தில் வேலி

அது நமக்கு முன்பே அந்த வழியில் நடந்தது. தடத்தை விட்டுவிட்டு வேலி போடுங்கள்.

முத்திரையைப் பார்த்ததும் திருப்தி அடைவது

இது காப்பி குடிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். பாக்கெட்டில் ‘இயற்கை வேளாண்மை’ என்று இருந்தால், ரசாயனம் போடவில்லை என்று அர்த்தம். மேலே மரம் நின்றதா என்பதை அது சொல்லாது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் ‘பறவை நேயம்’ என்ற முத்திரை இயற்கை வேளாண்மைச் சான்றோடு குறைந்தது 40 சதவீத நிழலையும், பலவகை மரங்களையும் கேட்கிறது. ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் எங்கள் மலைக்காரர்களில் பலருக்கு எந்த முத்திரைக்கும் பணம் கட்ட வசதியில்லை; அவர்கள் தோட்டத்தில் பலாவும் நாவலும் சந்தன வேம்பும் நெருங்கி நிற்கின்றன. அதனால் விற்கிறவரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த மலை, செடிக்கு மேலே என்னென்ன மரங்கள்? தோட்டத்தை அறிந்தவர் மரங்களின் பெயரைத் தடங்கலின்றிச் சொல்வார்.

அந்தத் தம்பதி போன வாரம் தொலைபேசியில் பேசினார்கள். வியாபாரியைத் தடுப்பதற்குள் ஆறு மரங்கள் விழுந்துவிட்டன. அதில் ஒன்று பெரிய அத்தி. மீதி முப்பத்திரண்டில் இருந்த சிவப்புக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்களாம். என் தோட்டத்தில் நான் மறுபடி நட்ட அத்தியிலிருந்து நடுவதற்கு நான்கு போத்துக் கிளைகள் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாங்கிப்போக வருகிறார்கள்.