ஆறாவது வளைவில் வரும் வாந்தி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். காரில் போன மூன்று முறையும் ஆறாவது வளைவுக்குள்ளேயே ஐந்து வயது மகள் வாந்தி எடுத்துவிட்டாள்.

எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தோம். பலனில்லை. வெறும் வயிற்றோடு கூட்டிப்போனோம், இன்னும் மோசம். செல்போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஒரு விஷயம் இடித்தது: அதே மலையில் பஸ்ஸில் போனால் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. சரி என்று, காரை நிறுத்தி அவள் இடத்தில் குனிந்து அவள் உயரத்துக்குப் பார்த்தேன். எதிரே முன்சீட்டின் முதுகு மட்டும்தான். சாலையே தெரியவில்லை! வளைவில் உடம்பு திரும்புவதை உட்காது உணர்கிறது, கண்ணோ அசையாத சீட்டைப் பார்க்கிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டல்.

அடுத்த முறை, குழந்தை உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் சீட் வாங்கி, பின்சீட்டின் நடுவில் வைத்தேன். நடுவிலும் தோள்பட்டை பெல்ட் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. செல்போன் கிடையாது, வளைவு எண்ணும் வேலை மட்டும். டேஷ்போர்டு சென்ட் பாட்டிலையும் கழற்றி எறிந்தேன்.

நாற்பதையும் எண்ணி முடித்தாள். வாந்திக்கென்று எடுத்துப்போன கவர் மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்பாடா!