பறவைக்கு முன்னால் வெயிலைப் பாருங்கள்

பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்றுதான். கேள்வி தப்பில்லை. 300 மி.மீ.க்குக் குறைந்தால் காட்டுப் பறவை ஃபிரேமில் ஒரு புள்ளியாகத்தான் இருக்கும், 400 இருந்தால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் 600 மி.மீ. லென்ஸைத் தூக்கிக்கொண்டு வெயில் கண்ணில் அடிக்கிற இடத்தில் நிற்பவரைவிட, 300-ஐ வைத்துக்கொண்டு சரியான பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் படம் கிடைக்கும்.

அதனால் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பறவையைத் தேடாதீர்கள், உங்கள் நிழலைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அந்தப் பக்கத்துப் பறவைகள்தான் இப்போதைக்கு உங்களுக்கு. நிழல் பறவையை நோக்கி விழுந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, பறவையின் முகத்தில் வெளிச்சம் விழுகிறது, கண்ணில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மின்னும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால், இறகெல்லாம் எவ்வளவு கூர்மையாக வந்திருந்தாலும் சரி, முகத்தில் உயிர் இருக்காது. கொஞ்சம் விலகி, வெயில் ஒரு தோளுக்கு மேலாக வருகிற மாதிரி நின்றாலும் நல்லதுதான். இறகின் மேடுபள்ளம் அப்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

அடுத்தது காற்று. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், இறங்கும். கொக்கு, வாத்து, பருந்து மாதிரிப் பெரிய பறவைகளிடம் இது நன்றாகவே தெரியும். காற்று உங்கள் முதுகில் படுகிற இடத்தில் நின்றால், இறங்க வருகிற பறவை உங்களைப் பார்த்தபடி வரும். வெயிலும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து வருகிற காலை வாய்த்தால் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் எதிரெதிராக இருந்தாலோ, வெயில் படுகிற பறவையெல்லாம் வாலைக் காட்டிக்கொண்டே இறங்கும். அன்றைக்குப் பறக்கிற படத்துக்கு அலையாமல் கிளையில் உட்கார்ந்திருப்பவற்றின் பக்கம் போய்விடுவது மேல்.

எப்போது போவது? விடிந்த முதல் இரண்டு மணி நேரம், அப்புறம் சூரியன் மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். கடிகாரத்தைவிட நல்ல அளவுகோல் மறுபடியும் நிழல்தான்: அது உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இருக்கிறது, தொடர்ந்து எடுக்கலாம். உச்சி வெயிலில் கண் புருவ நிழலுக்குள் போய்விடும், வயிறு கறுத்துவிடும். தூரத்துப் பறவை என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு, தரைச் சூட்டில் காற்றே நெளியும். அந்தக் கானலை எந்த விலை லென்ஸாலும் திருத்த முடியாது, எல்லாப் படமும் ஃபோகஸ் தவறியது போலவே இருக்கும். கீழே வெண்மணலோ பனியோ நீர்ப்பரப்போ இருந்தால் மட்டும் வெயில் கொஞ்சம் ஏறின பிறகும் படம் எடுக்கலாம், ஏனென்றால் அங்கே தெறிக்கிற வெளிச்சம் பறக்கிற பறவையின் இறக்கைக்கு அடியிலும் போய்ச் சேரும்.

மேகமூட்டமான நாளை வீண் என்று நினைக்காதீர்கள். நிழல் மென்மையாக விழுவதால் வெள்ளைப் பறவைகளுக்கு அதுதான் சுகமான வெளிச்சம். வானத்தை மட்டும் பின்னணியில் சேர்க்காதீர்கள், வெறும் வெள்ளைத் தாளாக வரும்.

இனி எக்ஸ்போஷர், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்கிற கணக்கு. பெரும்பாலான படங்கள் கெடுகிற இடம் இதுதான். வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டருக்குப் பறவை எது, புதர் எது என்று தெரியாது. எதிரே இருப்பதையெல்லாம் ஒரு சராசரிச் சாம்பல் அளவுக்கு இழுத்துக்கொண்டு வரப் பார்க்கும். கறுத்த புதருக்கு முன்னால் கொக்கு நின்றால் புதரை வெளிச்சமாக்கப் போய்க் கொக்கை வெளுத்துவிடும், வெளுத்த வானத்தில் காகம் பறந்தால் வெறும் கறுப்பு உருவத்தைத்தான் கொடுக்கும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள், அதே கொக்கு புதரிலிருந்து கிளம்பி வானத்துக்கு ஏறும்போது பின்னணிதான் மாறுகிறது, அதன் மேல் விழுகிற வெயில் மாறவே இல்லை. பிறகு எதற்கு செட்டிங் மாற வேண்டும்? வானம் தெளிவாக, வெயில் நிலையாக இருக்கும்போது, செட்டிங்கை நீங்களே முடிவு செய்கிற மேனுவல் மோடில் வைத்துவிட்டு மீட்டர் சொல்வதைக் கண்டுகொள்ளாதீர்கள். சூரியன் ஓரளவு ஏறி, வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்போது ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக்கொள்கிற அளவு) 400, லென்ஸ் துளை எஃப்8, ஷட்டர் வேகம் 1/1600 நொடி என்று தொடங்குங்கள். வெள்ளைப் பறவை என்றால் ஷட்டரை 1/3200-க்கு ஏற்றுங்கள், கரும்பறவை என்றால் ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள். விடிந்த முதல் மணி நேரத்தில் இதற்கு மேல் ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகத் தேவைப்படும், ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. ஒரு படம் எடுத்துப் பார்த்து, வெளுத்துப்போன இடத்தைக் காட்டுகிற ஹைலைட் எச்சரிக்கை கொக்கின் முதுகில் மினுக்கினால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள், அவ்வளவுதான். மேகம் வந்து வந்து போகிற நாளில் மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓவைச் சேர்த்துக்கொண்டு, கேமரா முடிவு செய்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பென்சேஷனைக் கட்டைவிரலிலேயே வைத்திருங்கள். கேமரா மெருகேற்றாத ரா ஃபைலில் எடுப்பது நல்லது, அதற்காக வெளுத்துப்போன வெள்ளை திரும்பி வந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம்.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம் கூடாது. அசையாமல் நிற்கிற பெரிய பறவைக்கு 1/500 போதும், சதா தலையைத் திருப்புகிற சின்னக் குருவிகளுக்கு 1/1000, பறக்கிறவற்றுக்கு 1/2000, தகைவிலான் மாதிரி வெட்டித் திரும்புகிறவற்றுக்கு 1/3200. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், ஷட்டரை இறக்காதீர்கள். புள்ளிபுள்ளியாக வருகிற நாய்ஸைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன இறகை ஒன்றும் செய்ய முடியாது.

ஆண் தேன்சிட்டு மாதிரிப் பளபளக்கும் பறவைகளுக்குத் தனியாகப் பொறுமை வேண்டும். அந்த ஊதாவும் பச்சையும் இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது, கோணம் தவறினால் கழுத்து வெறும் கறுப்பு. வெயில் முதுகில் இருக்கும்படி நின்றுகொண்டு, அது தலையைத் திருப்பும்போது தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளுங்கள். பத்தில் ஒன்றில் நிறம் பற்றிக்கொள்ளும்.

கிட்டே போவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாழ்ந்து, நேராக நடக்காமல் சாய்வாகப் போங்கள், பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் அப்படியே நில்லுங்கள். அது மறுபடி மேயத் தொடங்கவில்லை என்றால் பின்வாங்குங்கள். கூட்டுப் பக்கம் போகவே வேண்டாம். இலையை விலக்கி வெளிச்சம் விடுகிறேன் என்று குஞ்சுகளை வெயிலுக்கும் பருந்துக்கும் காட்டிக்கொடுப்பவர்களைப் புகைப்படக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம், எல்லைச் சண்டைக்கு எதிரி வந்துவிட்டான் என்று நம்பித்தான் அது ஓடி வருகிறது.

எதிர்வெயில் எப்போதும் கூடாது என்றில்லை. பின்னணி கறுத்த மரக்கூட்டமாக இருந்து, சூரியன் தாழ்வாகப் பறவைக்குப் பின்னால் இருந்தால் இறகு ஓரமெல்லாம் பொன்கோடு விழும். அந்தக் கோடு வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள். பின்னால் வெளுத்த வானம் என்றால் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: முகம் தெரிய ஒன்றரை ஸ்டாப் கூட்டுவது, அல்லது வானத்துக்கு அளந்து பறவையை முழுக் கறுப்பாக விட்டுவிடுவது. இரண்டாவதற்கு அலகு பக்கவாட்டில் தெரிய வேண்டும், கால்கள் ஒன்றையொன்று மறைக்கக் கூடாது. லென்ஸில் வருகிற வெளிச்சத்தை அப்படியே கண்ணுக்குக் காட்டுகிற ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாக நேராகச் சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும்.

இருட்டி மூட்டை கட்டும்போது ஐஎஸ்ஓவை இறக்கி, ஷட்டரை 1/1600-இல் திருப்பி வைத்துவிடுங்கள், காலையில் முதல் பறவை நீங்கள் டயலைத் திருகி முடிக்கும்வரை காத்திருக்காது.