இறுகிப்போன எஞ்சின் போல்ட்: ஒடிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

டர்பனில் துருவைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளஃப், மியர்பேங்க் பக்கம் கேட்டையும் ஜன்னல் கம்பியையும் உப்புக் காற்று தின்றுவிடுகிறது. வண்டி மட்டும் தப்புமா? ஜோஹன்னஸ்பர்க்கில் கடலும் இல்லை, காற்றும் வறண்டது. அங்கே ஓடிய வண்டியில் சுலபமாகக் கழலும் போல்ட், அதே வயதுள்ள நம் ஊர் வண்டியில் அசையவே அசையாது. இதை மனதில் வைத்துத்தான் இங்கே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

நான் ஒடித்த முதல் போல்ட் ஒரு டொயோட்டா டாஸில். பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2006 வரை செய்த வண்டி அது. சாட்ஸ்வொர்த்தில் இன்றும் தெருவுக்கு ஒன்றாவது நிற்கும். தெர்மோஸ்டாட் மூடியில் தண்ணீர் கசிந்தது. மறுநாள் மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலில் காவடி, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அந்த அவசரத்தில் ராட்செட்டில் ஒரு குழாயைச் செருகி இழுத்தேன். போல்ட் கால் சுற்று திரும்பியது. கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த இழுப்பில் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது.

அந்தக் கால் சுற்றைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். துரு விட்டுக்கொடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கைக்கு ஒரு சின்ன உதறல் தெரியும். அப்படி எதுவும் இல்லாமல், ரப்பரைத் திருகுவதுபோல வழவழவென்று திரும்பினால் போல்ட் கழலவில்லை, முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே கையை எடுத்துவிடுங்கள். அங்கே நிறுத்தினால் இன்னும் வழி இருக்கிறது. 10 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுகள்தான் இப்படி அதிகம் ஒடியும். நீளமான கைப்பிடி போட்டால் அவை தாங்காது.

எண்ணெய் விஷயத்தில் நடக்கும் தவறு நேரம் கொடுக்காதது. துருவை இளக்கும் க்யூ20 ஸ்ப்ரேயை அடித்துவிட்டு அடுத்த நிமிடமே ஸ்பேனரை மாட்டுகிறார்கள். மரைக்குள் எண்ணெய் ஊறிப் போக வேண்டும். சாயங்காலம் அடித்து, போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகப் பத்துப் பதினைந்து தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவில் விரிசல் விழும், எண்ணெய் இறங்கும். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை. காலையில் பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணா அன்றைக்குச் சொன்னதும் இதுதான்: "தம்பி, முதல்ல ஒரு பொட்டு இறுக்கிப் பாரு, அப்புறம் கழட்டு." இறுக்கும் பக்கம் நூலளவு அசைந்தாலும் துருவின் பிடி விட்டுவிடும். அதன்பின் கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் துருப்பொடி மரையில் சிக்கி நடுவழியில் இறுகிவிடும்.

சாக்கெட்டும் முக்கியம். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும். துருப்பிடித்த தலை சீக்கிரம் மழுங்கிவிடும். ஆறு முனைதான் வேண்டும். தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்கெட் அடிவரை உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே இழுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம், போல்ட் இரும்பு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் பொடி பூத்து, சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். இதற்கு எண்ணெயைவிடச் சூடு நன்றாகக் கேட்கும். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டைச் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கினால் துளை பெரிதாகிப் பிடி தளரும். பலர் போல்ட் தலையை மட்டும் காய்ச்சுகிறார்கள். அப்போது போல்ட்தான் முதலில் விரியும். ஹீட் கன் போதும். சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியைப் போல்ட் ஓரத்தில் தொட்டால், மெழுகு உருகி மரைக்குள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தீ கக்கும் பர்னரைப் பெட்ரோல் பைப், வயர், ரப்பர் ஹோஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய் அடித்த இடத்தைத் துடைக்காமல் தீ காட்டாதீர்கள். பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த வகை உண்டு. அது பட்ட இடம் சூடேறினால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். நுரையீரலைக் கெடுக்கும் வாயு அது. இதில் மட்டும் யாரும் துணிச்சல் காட்ட வேண்டாம்.

வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். கீழிருந்து மேலே பார்க்கும்போது எந்தப் பக்கம் கழலும் என்பது குழம்பும். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம் திருப்புங்கள். இரண்டாவது, வெறும் ஜாக்கை நம்பி நீளக் கைப்பிடியை இழுக்காதீர்கள். அந்த உலுக்கலில் வண்டி சரியும். ஸ்டாண்டு வைத்து, சமதரையில்தான்.

ஒடிந்தே போய்விட்டால்? ஒடிந்த போல்ட்டுக்குள் துளை போட்டு இறக்கித் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை உடனே அடித்து இறக்கிவிடாதீர்கள். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது, ஒரு தலைவலி இரண்டாகிவிடும். நுனி வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டோடு திருப்புவது நல்ல வழி. என் டாஸிலும் வெல்டிங் தெரிந்த ஒருவர் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தார். காவடிக்கு நாங்கள் மாமா வண்டியில் போனோம்.

புது போல்ட் போடும்போது மரையைச் சுத்தம் செய்து, மறுபடி இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைக் கொஞ்சமாகத் தடவுங்கள். பசை தடவிய போல்ட் வழுக்கும், அதனால் வழக்கமான அளவைவிடச் சற்றுக் குறைத்தே இறுக்க வேண்டும். அந்த வழக்கமான இறுக்க அளவு பொதுவாக 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 25 அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 10 என்பது மணிக்கட்டு வலு மட்டும். தோளில் இருந்து இழுத்தால் அன்றைக்கே மரை போய்விடும்.