பெரிய பவளத் தொட்டி: தண்ணீர் ஊற்றும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வீட்டில் பெரிய பவளத் தொட்டி வைக்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும் என்றுதான். பெரும்பாலும் பதிலுக்கு என்னென்ன மீன் விடப்போகிறார்கள் என்ற பட்டியல்தான் வரும். மீனைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், விளக்கைக் கழற்றி வேறு மாட்டலாம். ஆனால் தரை, ஸ்டாண்ட், கண்ணாடியில் போட்ட துளை, குழாய், சம்ப் (கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் துணைத் தொட்டி) இதையெல்லாம் தண்ணீர் நின்ற பிறகு மாற்றுவதென்றால் உள்ளே உயிரோடு இருப்பதை எல்லாம் வாளி வாளியாக அள்ளி வெளியே வைத்துவிட்டுத்தான் தொட முடியும். அதனால் இங்கே முக்கால்வாசி அந்த முன்கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் எடை. 180 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் என்று ஒரு தொட்டி எடுத்தால் 648 லிட்டர் கொள்ளும். கண்ணாடி நூறு கிலோவுக்கு மேல், அப்புறம் பாறை, மணல், கீழே சம்ப்பில் நிற்கும் தண்ணீர், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். தரைத்தளம் என்றால் பரவாயில்லை. மாடியிலோ மரத்தளத்திலோ வைப்பதாக இருந்தால் கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். ஸ்டாண்ட் மட்டமாக இல்லை என்றால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில்தான் சரிசெய்ய வேண்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஆப்பு செருகினால் அந்த ஒரு இடத்திலேயே பாரம் இறங்கி கண்ணாடி விட்டுப்போகும்.

சின்னச் சின்ன அளவுகளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சுவரை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, பின்பக்கக் குழாயில் கசிந்தால் கை போகாமல் திண்டாடுவது. ஸ்டாண்டுக்குள் சம்ப்பை வைத்து அதைச் சுற்றிச் சட்டம் அடித்துவிட்டு, பிறகு அந்த சம்ப் எந்தக் காலத்திலும் வெளியே வராது என்று கண்டுபிடிப்பது. அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் உள்ளே போகும், ஆனால் அதன் அழுக்குக் கப்பைத் தூக்கிக் கழற்ற மேலே நாலு விரற்கடை இடம் இருக்காது. 75 செ.மீ. ஆழத்தில் தொட்டி பார்க்க அழகுதான், அடியில் விழுந்த ஒரு பவளத் துண்டை எடுக்க அக்குள் வரை கையை விட வேண்டும். உங்கள் கையை அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி, கரண்ட் கதைக்கு வருகிறேன். மேலே உள்ள தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு வரும், ரிட்டர்ன் பம்ப் அதை மேலே ஏற்றும். பம்ப் நின்றதும், ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தால் அதன் வழியாகவே தண்ணீர் தலைகீழாக இறங்க ஆரம்பிக்கும், குழாயின் வாய் வெளியே தெரியும் வரை நிற்காது. நான் சொன்ன அளவுத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் கிட்டத்தட்ட 11 லிட்டர். குழாய் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர், அதாவது நாலைந்து வாளித் தண்ணீர் உங்கள் சம்ப்பைத் தேடி வரும். சம்ப்பில் அதற்கு இடம் விட்டிருக்கிறீர்களா?

இதைத் தடுக்க நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போடுவார்கள், மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து இறக்கம் நின்றுவிடும். நானும் போட்டேன், நம்பியும் இருந்தேன். ஒரு நாள் இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் எழுந்து காலை வைத்தால் தரை சளக் என்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், அந்தத் துளையின் மேல் கட்டைவிரல் நகம் அளவு நத்தை ஒன்று கச்சிதமாக உட்கார்ந்துகொண்டு பாசி மேய்ந்துகொண்டிருந்தது, துளை முழுவதும் அதன் காலுக்கு அடியில். அதற்கு என்ன தெரியும் பாவம். ஒருவழி வால்வு போட்டால் போதும் என்பார்கள். அதிலும் சுண்ணாம்பு படியும், புழுக்கூடு கட்டும், ஒரு நாள் மூடாமல் நிற்கும். நான் குழாய் வாயையே மேலே தூக்கி ஒன்றரை செ.மீ. ஆழத்தில் நிறுத்திவிட்டேன். இப்போது எது அடைத்தாலும் 16, 17 லிட்டருக்கு மேல் வராது, வழிந்தோடும் குழாயில் நிற்பதையும் சேர்த்து சம்ப்பில் இடம் இருக்கிறது.

ஆகவே உப்பு போடுவதற்கு முன் சாதாரணத் தண்ணீரை நிரப்பி எல்லாவற்றையும் ஓடவிட்டு ஸ்விட்சை அணையுங்கள். அந்தத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு அணையுங்கள், அதுதான் உண்மையான பரீட்சை. சம்ப் வழியாமல் நின்றால், ஓடும்போது தண்ணீர் இதற்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். நாலு தடவை அணைத்துப் போட்டு, சில நாள் அப்படியே ஓடவிட்டால் கசிகிற இணைப்பெல்லாம் தானே காட்டிக்கொடுக்கும்.

மின்சாரத்தில் மூன்று விஷயம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேலே ஏற வேண்டும், வயர் வழியாக வரும் சொட்டு பிளக்குக்குப் போகாமல் கீழே விழும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாமல் உப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்னதாகப் போடுங்கள், ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தொட்டியைச் சூப் வைத்துவிடாது.

தண்ணீருக்கு வருவோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் போனால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதில் இருக்கும் பாஸ்பேட், சிலிகேட், செம்பு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டும் பாசிக்கு விருந்து. செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். இதையெல்லாம் வடிகட்டி எடுக்கும் ஆர்.ஓ.டி.ஐ. கருவி வேண்டும், அதிலிருந்து வரும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். எவ்வளவு தேவை என்பதையும் முன்பே கணக்குப் போடுங்கள். 700 லிட்டர் ஓடும் அமைப்பில் ஒரு நாளைக்கு 10 லிட்டர் ஆவியாவது சாதாரணம். அதோடு வாரம் பத்து சதவீதம் மாற்றினால் ஆக மொத்தம் வாரத்துக்கு 140 லிட்டர். கேனில் சுமந்து சமாளிக்கலாம் என்று தொடங்கியவர்கள் மூன்றாவது மாதம் தண்ணீர் மாற்றுவதையே விட்டுவிடுகிறார்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கும். ஒரு வாரம் ஈடுகட்டாமல் விட்டால் ஆயிரத்துக்கு 35 என்று இருந்த உப்பு 39-ஐ நெருங்கிவிடும். குறைந்ததை உப்புத் தண்ணீரால் நிரப்புவது புதியவர்களின் பழைய தவறு; உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தானாக நிரப்பும் கருவி வைத்தால் அதன் டிரம்மை ரொம்பப் பெரிதாக வைக்காதீர்கள், சென்சார் மாட்டிக்கொண்டால் டிரம் முழுவதும் உள்ளே போகும் என்று நினைத்து அளவெடுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 அளவுக் கரைசலில் சரிபாருங்கள்.

பாறையை மணலுக்கு மேல் அடுக்காதீர்கள். கண்ணாடித் தரையில் உட்காரவைத்து, பிறகு சுற்றி மணல் போடுங்கள். கோபி மீனும் துப்பாக்கி இறாலும் அடியில் வளை தோண்டும், ஒரு ராத்திரியில் மொத்தமும் சரியும்.

இதற்குப் பிறகு வருவது பொறுமை இல்லாத தவறுகள். காய்ந்த வெள்ளைப் பாறையில் பாக்டீரியா இருக்காது. அமோனியாவை நைட்ரைட்டாக்கி நைட்ரேட்டாக்கும் கூட்டம் வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருப்பதால் தயார் என்று பொருளில்லை. கடல் நீரின் பி.எச். கூடுதல் என்பதால் அதே அளவு அமோனியா நன்னீரைவிட இங்கே அதிகம் கொல்லும். அது முடிந்ததும் பழுப்புப் பாசி வரும், பின்னாலேயே பச்சை இழைப்பாசி. பயந்துபோய் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் துடைத்துப் பூஜ்யம் ஆக்கினால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வந்து உட்காரும், அதற்கு அந்தப் பச்சைப் பாசியே தேவலை. பாஸ்பேட் 0.03 பி.பி.எம்.-க்குக் கீழே போகவிடாதீர்கள்.

புது எல்.இ.டி.யை முழு வீச்சில் எரியவிடுவதும் அப்படித்தான். பவளம் உள்ளே குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். பாதிக்கும் கீழே தொடங்கி சில வாரங்களில் ஏற்றுங்கள்.

மீனைக் கடையில் பார்க்கும் அளவை வைத்து வாங்காதீர்கள், 5 செ.மீ. நீல டேங் 30 செ.மீ. வரை வளரும். எந்த மீனும் தனித்தொட்டியில் இருக்காமல் நேராக உள்ளே போகக் கூடாது. வெண்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் செம்பு மருந்தை அங்கே ஊற்ற முடியாது, எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுத்து சுமார் 76 நாள் மீனில்லாமல் போட வேண்டும். பாறைகளுக்கு நடுவே நீந்தும் மீனை வலையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது என்ன தண்டனை என்று தெரியும். இன்னொன்று, சோவாந்திட், பாலித்தோவா என்ற பவளம் போன்ற உயிர்கள் ஒட்டிய பாறையைக் கொதிக்கவைத்தோ கண்ணை மூடிக்கொண்டு சுரண்டியோ சுத்தம் செய்யாதீர்கள். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கும், அந்த ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

மறுபடியும் கரண்ட். வெகுநேரம் வராவிட்டால் மீனுக்கு முதல் ஆபத்து ஆக்சிஜன் தீர்வதுதான், வெப்பநிலை அப்புறம். பேட்டரியில் ஓடும் ஒரு காற்று பம்ப் போதும். அதை மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், என்னுடையது தேவைப்பட்ட அன்று பேட்டரி கசிந்து செத்துக் கிடந்தது, இரண்டு மணி நேரம் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.