ஓய்வு நேரத்தில் லாரியைச் சொந்த வேலைக்கு எடுத்தால் ட்ரிப் ஷீட்டில் எழுதும் முறை

ராணிப்பேட்டையில் சரக்கை இறக்கிவிட்டு, அடுத்த லோடு கிடைக்கும்வரை லாரியைச் சேண்பாக்கத்தில் நிறுத்தியிருக்கும் ஓட்டுநர், முதலாளியின் அனுமதியோடு அதே வண்டியில் காட்பாடிவரை வீட்டுக்குப் போய்வந்தால், அந்த ஓட்டத்தை ட்ரிப் ஷீட்டில், அதாவது வண்டியின் ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்துவைக்கும் தாளில், தனி வரியாக எழுத வேண்டும்.

முதலில் வேலை முடிந்த நேரத்தையும் ஓடோமீட்டர் எண்ணையும் குறித்து, கீழே ஒரு கோடு போடவும். பிறகு, வண்டியைக் கிளப்பும் முன்பே ‘சொந்த உபயோகம்’ என்று தொடங்கி, திரும்பியதும் அதே வரியை முடிக்கவும். மறுநாள் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எண்கள் பொருந்துவதே இல்லை. உதாரணமாக: “இரவு 8.10, சேண்பாக்கம், 2,41,306; 9.25, திரும்பியது, 2,41,322. சொந்த உபயோகம் 16 கி.மீ.” லிட்டருக்கு 4 கி.மீ. தரும் வண்டியில் இது 4 லிட்டர் டீசல். கணக்கு முடிக்கும்போது தகராறு கிளம்புவது பெரும்பாலும் இந்த 4 லிட்டரில்தான்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்திருந்தால், ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியில் உள்ள நேரம் ஷீட்டோடு ஒத்துப்போக வேண்டும். சரக்கு ஏற்றிய வண்டியைச் சொந்த வேலைக்குத் திருப்பாதிருப்பதே நல்லது. ஏனெனில் சரக்கோடு இருக்க வேண்டிய மின்னணு ஆவணமான இ-வே பில், சாதாரணச் சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள்தான் செல்லும். அடுத்த லோடு ஏற்றப் போகும் ஓட்டம், காலி வண்டியாக இருந்தாலும், வேலை நேரமே.